ஐந்து நிமிடம் தேடிய மகனுக்கு

அன்புள்ள குமார்,

முதலில் ஒரு திருத்தம். நான் உனக்கு வேறு பெண் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் உன் அத்தை அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் என் போன் எங்கேஜ்டாக இருக்கிறதாம். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றும் நான் சொல்லியிருக்கிறேனாம். இரண்டையும் கூட்டிப் பார்த்து, மதினி தரகரோடு பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். "நம்மகிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா நாக்கு தேஞ்சிரும்னு நினைக்கிறவங்க, மணிக்கணக்கா யாருகிட்ட பேசுதாங்க?" என்று உன் சித்தியிடம் கேட்டிருக்கிறாள். நாக்கைப் பற்றிச் சொன்னது சரி. மற்றது தப்பு. அந்த நேரத்தில் போன் லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது நான் அல்ல, நீ மேஜைமேல் விட்டுப்போன கம்ப்யூட்டர். அது இன்டர்நெட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் கீச்சென்று கத்துகிறது, பிறகு கரகரவென்று இருமுகிறது, அப்புறம் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. அத்தையிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள். நீயே சொல்.

கல்யாணத்தைத் தள்ளச் சொன்னது மட்டும் உண்மை. வைகாசியில் வேண்டாம், தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். காரணம் ஜாதகமும் இல்லை, நகையும் இல்லை. நீ ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைதான் காரணம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்த காலத்திலிருந்து, ஒரு விஷயத்தை அடி முதல் எழுதினால்தான் எனக்கு எழுதின மாதிரி இருக்கும்.

மாசியில் உனக்கு நிச்சயம் செய்த பெண் பகவதி, நம் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சியின் மகள். பிறந்ததிலிருந்து சாக்கு வாசனையில் வளர்ந்தவள். அவள் டாக்டர் பட்டத்துக்குச் செய்யும் ஆராய்ச்சியும் அந்தச் சாக்குக்குள்ளேதான் இருக்கிறது. சாலைக் கடைகளில், அரிசியில் வண்டு ஏறாமல் இருக்க மூட்டைக்குள் வசம்பை இடித்துப் போடுவார்கள். வெயில் காலத்தில் அது வேலை செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே ஆடி மாதம் சுவரே வியர்த்து, செருப்பில் பூஞ்சை பூக்கிறதே, அந்த ஈரத்தில் சணல் சாக்குக்குள் வசம்பு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. போன மழைக்காலம் முழுக்க அப்பாவின் கிடங்கிலேயே மூட்டைகளை வைத்துப் பார்த்துவிட்டாள். ஒரு மழையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னொரு மழையும் வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அந்த இன்னொரு மழை, இதோ, வரப்போகிறது.

அண்ணாச்சிக்கு இதில் வருத்தம்தான். நான் கிடங்கைப் பார்க்கப் போயிருந்தபோது, பகவதி கண்ணாடிக் குப்பியில் வண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அவர் குப்பிகளின்மேல் தன் துண்டை எடுத்துப் போட்டு மூடினார். "ஏட்டி, வண்ட விரட்டியே என் ஆயுசு போச்சு. நீ என்னடான்னா அதுக்குச் சோறு போட்டு வளக்குத. பாக்குறவன் நம்ம அரிசிய வாங்குவானா?" என்றார். பக்கத்துக் கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணாச்சி, மருமகன் வந்தா அவருக்கும் ஒரு குப்பி எடுத்து வைங்க!" என்றார். பகவதி எண்ணுவதை நிறுத்தாமல், "சத்தம் போடாதீங்க, கணக்கு விட்டுரும்" என்றாள். அந்த நிமிஷம்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நிச்சயதார்த்தத்தில் குனிந்த தலையைத்தானே பார்த்தேன். குனிந்து வண்டு எண்ணும் தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு உன் மின்னஞ்சல் வந்தது. அவள் அதை அச்செடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் காலிக் குப்பிகள். "அத்தை, இது உங்க வீட்டுல ஊறுகாய்க்கு ஆகுமா? எனக்கு இனி வேண்டாம்" என்றாள். நீ எழுதியிருந்ததை வாசித்தேன். 'நீ செய்வதை வேறொருவர் பல வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். ஐந்து நிமிடம் தேடினேன், முதல் பக்கத்தில் முதலாவதாக வந்தது. இதற்காக இன்னொரு மழைக்காலத்தை ஏன் வீணாக்க வேண்டும்? வைகாசியில் கல்யாணத்தை முடித்துவிட்டு என்னோடு கிளம்பு.' கீழே கட்டுரையின் இணைப்பு. உன் ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் பிழை இருந்தது, அதை விடு. உன் ஆசை எனக்குப் புரிந்தது. அமெரிக்காவில் தனியாக இருக்கிறாய், சீக்கிரம் கூட ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றுகிறது. அதை அப்படியே எழுதியிருந்தால் அந்தப் பெண் சந்தோஷப்பட்டிருப்பாள். அதற்கு ஒரு கட்டுரையைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம்.

"நீ இந்தக் கட்டுரையப் படிச்சியா?" என்று கேட்டேன்.

"சுருக்கம் படிச்சேன் அத்தை. அதே வசம்பு, அதே வண்டு. தலைப்பும் ஏறக்குறைய என்னோடதுதான்."

"முழுசா?"

"முழுசா படிக்கணும்னா டாலர்ல பணம் கேக்குது."

"சுருக்கத்தப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா, செக்ரட்டேரியட்ல நான் என்னைக்கோ சஸ்பென்ஷன் ஆகியிருப்பேன். உக்காரு" என்றேன்.

அப்படித்தான் எங்கள் செவ்வாய், வெள்ளி மத்தியானங்கள் தொடங்கின. ஆராய்ச்சிக் கட்டுரைகளை மட்டும் தேடித்தரும் அந்தத் தேடுபொறியை அவள் எனக்கு முதல் நாள் திறந்து காட்டினாள். வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம், அவ்வளவுதான். நானே தேடுகிறேன் என்று சொல்லி கீபோர்டை வாங்கிக்கொண்டேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், யாரிடம் எதைக் கேட்டாலும் தயவுசெய்து என்று தொடங்க வேண்டும் என்பது. ஆபீஸிலும் அதே பழக்கம். ஆகவே, ஐயா என்று தொடங்கி, அரிசி வண்டுகளின்மீது வசம்பின் விளைவு குறித்த விவரங்களைத் தயவுசெய்து விரைவில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில், முற்றுப்புள்ளியோடு அடித்தேன். பகவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாவதாக வந்தது, ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பணிவாகப் பேசுவது பற்றிய கட்டுரை. "கொள்ளாமே, நல்லாயிருக்கே அத்தை! உங்க மரியாதைய அது நல்லாப் புரிஞ்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் அப்படி இரண்டு பேர் சேர்ந்து சிரித்து நாளாகிவிட்டது.

ஆகவே, மகனே, அந்தக் கட்டத்துக்குள் மரியாதை வேண்டாம், வாக்கியமும் வேண்டாம். முக்கியமான சொற்கள் மட்டும் போதும். நம் வாயில் இருக்கும் சொல் ஒன்று, கட்டுரை எழுதுகிறவர்கள் வாயில் இருக்கும் சொல் இன்னொன்று என்பதையும் நினைவில் வை. நீ வெறுமனே வண்டு, மூலிகை, தானியம் என்று பொதுவாகத் தேடியிருக்கிறாய். வசம்புக்கும் வண்டுக்கும் லத்தீனில் ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. அதைப் போட்டதும் வேறு ஒரு கூட்டமே வெளியே வந்தது. இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று இந்தப் பக்கத்தில், ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கும் கட்டுரையெல்லாம் வந்து நிற்கும். பகவதி என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடினோம், எந்தத் தேதியில் தேடினோம் என்று ஓரமாகக் குறித்துக்கொண்டே வந்தாள். தேடியதையே திரும்பத் தேடி நேரத்தைப் போக்காமல் இருக்க அது உதவியது.

நீ கண்டுபிடித்த கட்டுரை ஏன் முதலாவதாக வந்தது தெரியுமா? அது சிறந்தது என்பதால் அல்ல. பழையது, பலர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அதனால் அந்த இயந்திரம் அதை முன்னால் உட்கார வைக்கிறது. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்தான் நெருங்கிய சொந்தம் என்று நினைத்துவிடலாமா? இடது பக்கம் ஒரு வசதி இருக்கிறது, அண்மைக் காலத்தில் வந்தவற்றை மட்டும் காட்டு என்று கேட்கலாம். கேட்டோம். முதல் பக்கத்தில் இருந்த முகமெல்லாம் மாறியது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் வரைக்கும் போனோம். நீ எழுதும் புரோகிராமை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓடுகிறது என்று அனுப்பிவிடுவாயா? மாட்டாய். கழக்கூட்டத்துக் கம்பெனியில் வேலை பார்த்தபோது எதையோ சோதித்துக்கொண்டு சாப்பாட்டுக்கே வராமல் இருந்தவன் நீ. உன் வேலைக்குக் காட்டிய அந்தப் பொறுமையை அவள் வேலைக்கும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, இதைப் பின்னால் வந்த யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் அவர்கள் எல்லாரும் வருகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆபீஸுக்கே போன மாதிரி இருந்தது. எங்கள் கோப்பின் மேலட்டையில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இதற்கு முன் வந்த தாள்கள் எவை, இதற்குப் பின் வந்த தாள்கள் எவை என்று அதில் எழுத வேண்டும். முன் தாளை எல்லாரும் பார்ப்பார்கள். பின் தாளைப் பார்க்காமல் குறிப்பு எழுதினவர்தான் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் அவர் ஆதாரமாகக் காட்டும் உத்தரவை அடுத்த வருஷமே மாற்றியிருப்பார்கள். என் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பையும் பின் தாள் பார்க்காமல் நான் மேலே அனுப்பியதில்லை. இதைப் பகவதியிடம் சொன்னேன். "அப்ப உங்க ஆபீஸ்லதான் இத முதல்ல கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேற்கோள் காட்டியவர்கள் கூட்டமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அரிசி, ஈரப்பதம் என்ற சொற்களைப் போட்டுத் தேடினோம். கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். அதில் ஒருவர், நம்மைப் போலவே மழை கொட்டும் இன்னொரு கடற்கரைக்காரர். அவருடைய கட்டுரை முழுவதும் இலவசமாகவே கிடைத்தது. நான் சத்தமாக வாசிக்க, பகவதி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவுரையில் அவர் எழுதியிருந்தது இது: நீ கண்டுபிடித்த அந்தப் பழைய ஆய்வு வறண்ட இடத்துக்குத்தான் பொருந்தும், ஈரத்தில் வசம்பின் சக்தி சீக்கிரம் குறையும் என்று சந்தேகிக்கிறோம், உண்மையான கிடங்கில், உண்மையான மழைக்காலத்தில் இதை யாராவது சோதித்தாக வேண்டும். நான் அந்த வரியை இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறை பகவதியே வாசித்தாள். பிறகு எழுந்து போய் ஊறுகாய்க்குக் கொடுத்த குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். ஒன்றில் நான் ஏற்கெனவே எலுமிச்சை போட்டிருந்தேன். "அது இருக்கட்டும் அத்தை, அதுல வண்டு பிழைக்காது" என்றாள்.

அதோடும் நாங்கள் நிறுத்தவில்லை. பழைய கட்டுரையை முழுதாகப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன். வேறு இடங்களில் அதே கட்டுரையின் பிரதிகள் இருக்கின்றனவா என்று காட்டும் வசதி ஒன்று உண்டு. இருந்தது, ஆனால் திறக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்திலும் அந்த இதழ் இல்லை. எழுதியவருக்கே கேட்டு எழுது என்றேன். பகவதி தயங்கினாள். "அவங்க பெரிய ஆளு அத்தை, நான் யாரு?" என்றாள். "இங்கதான் தயவுசெய்துன்னு எழுதணும்" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொடுத்தேன். அந்த வாரமே பதில் வந்துவிட்டது. அவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, ஆப்பிரிக்காவில் மழையே அபூர்வமான ஒரு பகுதியில் வேலை பார்த்தவர். முழுக் கட்டுரையும் அனுப்பியிருந்தார், அதோடு நாலு வரியும் எழுதியிருந்தார். அவர் சோதித்தது கோதுமையில், மூடிய கண்ணாடி ஜாடியில், அறையை ஒரே சூட்டில் வறட்சியாக வைத்துக்கொண்டு. சுருக்கத்தில் தானியம் என்று மட்டும் இருந்ததால் நாம் அரிசி என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் பக்கத்தில், சோதனை செய்த முறை என்ற பகுதியில், எல்லாம் தெளிவாக இருக்கிறது. 'உங்கள் மழையில் என்ன ஆகிறது என்று எனக்கும் வெகு நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை, முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு பெண்ணே' என்று முடித்திருந்தார். பகவதி அதை அச்செடுத்து அப்பாவின் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். அண்ணாச்சி இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "ஆப்பிரிக்காவுல இருந்து நம்ம கிடங்கப் பத்திக் கேட்டிருக்காங்க" என்கிறாராம். குப்பிகளை மூடியிருந்த துண்டு மறுபடி அவர் தோளுக்குப் போய்விட்டது.

நீ இன்னொன்றும் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கிறதே, அமெரிக்காவில் உட்கார்ந்தே எழுதி முடிக்கலாமே என்பாய். எழுதிவைத்ததைத் தேட அங்கே வசதி அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் அதில் இல்லை. நம் விவசாயக் கல்லூரியில் அட்டை போட்டு அடுக்கிவைத்திருக்கும் ஆய்வேடுகள் அந்தத் தேடுபொறியில் வரவில்லை. பகவதி பஸ் ஏறிப் போய், தூசி தட்டி வாசித்துவிட்டு வந்தாள். சாலைக் கடைக்காரர்கள் ஈரம் பட்ட வசம்பை எப்போது மாற்றுவார்கள் என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை, அதை அவள் கடை கடையாகக் கேட்டு எழுதியிருக்கிறாள். வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையோ இந்த வருஷம் இன்னும் பெய்யவே இல்லை. பெய்யாத மழையை எந்தத் தேடுபொறி காட்டும்? தேடித் தேடி, இது இன்னும் யாருக்கும் தெரியாது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்கிற இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் தேடலின் பிரயோஜனம். அங்கே நின்று திரும்பி வந்துவிடக் கூடாது. அங்கிருந்துதான் அவள் வேலை ஆரம்பிக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவரைப் பாலக்காட்டுக்கு மாற்றினார்கள். எனக்கோ இலாகா பரீட்சை இருந்தது. அதை எழுதாவிட்டால் நான் கடைசி வரை ஸ்டெனோவாகவே இருந்திருப்பேன். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறானே என்று உன் அத்தை அப்போதும் பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஓட்டல் சாம்பார் குடிச்சு எவனும் செத்ததில்ல. நீ பரீட்சைய எழுது" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். தம்பானூர் ஸ்டேஷனில் வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலிலிருந்து, "ரெண்டாவது பேப்பர்ல கவனமா இரு!" என்று கத்தினார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கர்வமாக இருந்தது. நான் அதிகாரியாக ஓய்வுபெற்றது அந்த ஒரு வருஷத்தால்தான். அவர் மெலிந்துபோய்த் திரும்பி வந்தார் என்பதும் உண்மைதான். இரண்டே மாதத்தில் சரிசெய்துவிட்டேன்.

இப்போது பகவதி நன்றாகத்தான் இருக்கிறாள். சாக்குகளைச் சலவை செய்து காயவைத்தாகிவிட்டது. வசம்பு வந்துவிட்டது. அண்ணாச்சி கிடங்கில் ஒரு மூலையை அவளுக்கென்று ஒதுக்கி, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் மூட்டைகளை அவள் இன்னும் அடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "பாக்கலாம் அத்தை" என்கிறாள். உன் மின்னஞ்சலுக்கு அவள் பதில் போடவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கலாம். சண்டை போட்டுக் கல்யாண வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது என்று அவள் நினைக்கிறாள். நீ வைகாசி என்று பிடிவாதமாக நின்றால் அவள் வந்துவிடுவாள். குப்பிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு உன்னோடு விமானம் ஏறிவிடுவாள். அவளுடைய இந்தக் கேள்விக்கு உலகத்தில் இன்னும் பதில் இல்லை, அதை நான் அவளோடு உட்கார்ந்து தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைக்கிற ஆளாக நீ இருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. தை வரைக்கும் நீ காத்திருந்தால் ஐப்பசியில் வரும் துலாவர்ஷ மழையும் முடிந்துவிடும், அவள் கணக்கெடுத்து முடித்திருப்பாள். எழுதுவதை அங்கே வந்து எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தேடுபொறியும் அங்கே இருக்கிறது, நீயும் இருக்கிறாய்.

அந்தக் கட்டுரையின் முழுப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். பின்னால் வந்தவருடைய கட்டுரையும் இருக்கிறது. முதலில் இரண்டையும் படி. சுருக்கத்தை அல்ல, முழுவதையும். படித்துவிட்டு, தையில் கல்யாணம் உனக்குச் சம்மதமா இல்லையா என்று பகவதிக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது, எனக்கும் தனியாக ஒன்று எழுது. மழைக்கு முன்னால் அவள் மூட்டைகளை அடுக்க வேண்டும். தயவுசெய்து இந்த வாரமே பதில் எழுது.

அன்புடன்,
அம்மா